எட்டு மட்டும் சரியாக எரிந்த பலகை

தீபாவளியை ஒட்டி எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் பூப்பந்துப் போட்டி நடக்கும். மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் மோதும் இறுதி ஆட்டம் என்றால் தோட்ட மேனேஜரான துரையிலிருந்து லயத்து வீடுகளின் கைக்குழந்தை வரை எல்லாரும் வந்துவிடுவார்கள். புள்ளிகளை ஒருவர் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருப்பார். நான் நாலாம் வகுப்பில் இருந்த வருடம், அந்தக் கரும்பலகை இனித் தேவைப்படாது என்று என் அக்கா சொன்னாள். அவள் வீட்டுக்குள்தான் சொன்னாள், அதுவும் மெதுவாக. பள்ளிக்கூடம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான்.

அக்கா பினாங்கில் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். மாலையில் ஒரு தொழில்நுட்ப வகுப்புக்கும் போய்வந்தாள். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக டிப்ளோமா படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அத்தை வீட்டிலோ கல்யாணப் பேச்சைத் தொடங்கியிருந்தார்கள். அப்பா தேயிலை ஃபேக்டரியில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். அவர் எந்தப் பக்கமும் முடிவாகச் சொல்லவில்லை.

"படிக்கிறேன் படிக்கிறேன்னு வாயால சொன்னா எப்புடி? ஒரு சாமான் செஞ்சு காட்டு. அப்பறம் பாக்கலாம்," என்றார்.

அந்தத் தீபாவளி விடுமுறைக்கு அக்கா செய்துகொண்டு வந்ததுதான் அந்தப் பலகை. ஒட்டுப்பலகையில் சிறு சிறு சிவப்பு விளக்குகளை வரிசையாகப் பதித்து, பக்கத்துக்கு இரண்டாக நான்கு இலக்கங்கள். கீழே, நிறையக் கால்கள் கொண்ட கறுப்புப் பூச்சி போல ஒரு மின்னணுச் சில்லு. அதிலிருந்து பல நிறக் கம்பிகள் கொத்தாக, தட்டில் கொட்டிய மீ நூடுல்ஸ் போலத் தொங்கின.

"ஒரு எட்டு போடு," என்றாள் என்னிடம். போட்டேன். "கட்டம் கட்டமா போடு. அதுல ஏழு கோடு இருக்குல்ல? எந்தக் கோட்ட அணைக்கிறமோ அதுக்குத் தக்கன வேற நம்பர் வந்துரும். மூணுன்னா எது எரியணும், நாலுன்னா எது எரியணும்னு இந்தச் சில்லுக்குள்ள எழுதி வச்சிருக்கேன்."

கோட்டுக்கு ஒரு கம்பியாக ஏழு கம்பிகள். நான்கு இலக்கங்களுக்கும் அதே ஏழுதானாம். ஒரு நேரத்தில் ஒரு இலக்கம்தான் எரிகிறது, வேகமாக மாறி மாறி எரிவதால் நம் கண் ஏமாந்துபோகிறது என்றாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. ஸ்விட்சைப் போட்டதும் எல்லா விளக்கும் எரிகிறதா என்று பார்க்க முதலில் நான்கு எட்டுகள் வரும், பிறகு பூஜ்யமாகிவிடும், பொத்தானை அழுத்தினால் ஒன்று, இரண்டு என்று ஏறும். அந்த அழகில் நான் மயங்கிவிட்டேன். ஆட்டத்தன்று காலையில் கூட பதினைந்து வரை ஏற்றிப் பார்த்தோம். ஒரு பிசகும் இல்லை.

பிறகு அக்காவும் அம்மாவும் சாமான் வாங்க பிரிஞ்சாங் டவுனுக்குப் போனார்கள். என்னையும் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தபோது வாசலில் வார்னிஷ் வாசம். அப்பா தேயிலைப் பெட்டிப் பலகையை இழைத்து, முன்னால் கண்ணாடி வைத்து, ஒரு பெட்டி செய்து அக்காவின் பலகையை அதற்குள் பொருத்தியிருந்தார். துரை வரும் இடத்தில் கம்பிகள் தொங்கிக்கொண்டிருக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார்.

"நல்லாருக்குப்பா," என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியிருந்தது.

அப்பா ஸ்விட்சைப் போட்டார். நான்கு எட்டுகளும் பளிச்சென்று எரிந்தன. திருப்தியாக உடனே அணைத்தார். அதற்குள் லோரி வந்து ஹாரன் அடித்தது. பெட்டியைத் துணியால் சுற்றி ஏற்றிவிட்டோம்.

மண்டபத்தில் நான் முதல் வரிசையில், என் வகுப்புப் பிள்ளைகள் சூழ, நடுவில் உட்கார்ந்திருந்தேன். அக்கா மேசைக்குப் பின்னால் பொத்தான்களோடு நின்றாள். எட்டுகள் எரிந்ததும் மண்டபமே கைதட்டியது. துரை எழுந்துபோய்ப் பெட்டியைத் தடவிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். அப்பா பக்கத்தில் நின்று, மரம், வார்னிஷ், கண்ணாடி என்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு பேசி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

எட்டுகள் மறைந்து பூஜ்யம் வரவேண்டிய இடத்தில், இரண்டு பக்கமும் ஆறு வந்தது.

"என்னா லா இது," என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "இன்னும் பந்தே அடிக்கல, அதுக்குள்ள ஆளுக்கு ஆறா?"

சிரிப்பு கிளம்பியது. முதல் புள்ளி விழுந்தது. அக்கா பொத்தானை அழுத்தினாள். ஒன்றுக்குப் பதிலாக மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் எரிந்தன. அடுத்த புள்ளிக்கு எந்த மொழியிலும் இல்லாத ஓர் உருவம். பக்கத்துக் கியா பார்மில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, ஒருவர் விருந்தாளியாக வந்திருந்தார். அவரைப் பார்த்து ஒருவர், "தவுக்கே, இது ஒங்க எழுத்தா?" என்று கேட்க, அவர் எட்டிப் பார்த்து, "எனக்கும் படிக்கத் தெரியாது லா," என்றார். பெண்கள் பக்கத்திலும் சிரித்தார்கள்.

நடுவர் வாயாலேயே புள்ளியைச் சொல்லி ஆட்டத்தை நடத்தினார். மேல் டிவிசன் எட்டைத் தொட்டபோது பலகையில் எட்டு சரியாக எரிந்தது. விசில், கைதட்டல். இதுவரை வந்த சிரிப்பையெல்லாம் தாங்கிய எனக்கு அந்தக் கைதட்டலைத் தாங்க முடியவில்லை. முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டேன். ஒன்பது வந்ததும் மறுபடியும் கோணல்.

இடைவேளையில் அக்கா பெட்டியின் பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே குனிந்து, கம்பிகளின் வரிசையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா அப்போதும் துரையின் பக்கத்தில்தான் நின்றிருந்தார், ஆனால் பேச்சு நின்றுபோயிருந்தது. அக்கா மூடியை மறுபடி வைத்து, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள்.

"சில்லுக்குள்ள எழுதுனதுல தப்பு பண்ணிட்டேன் சார். மன்னிச்சுக்குங்க," என்றாள் துரையிடம். ஸ்விட்சை அணைத்தாள். யாரோ கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்கு நான் அவர்களோடு நடக்கவில்லை. பனிமூட்டத்துக்குள் முன்னால் ஓடிவிட்டேன். கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் என் பெயரே எட்டு. என்னைக் கண்டதும் விரலால் காற்றில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போடுவார்கள். இவளுக்குத் தங்கையாகப் பிறந்தோமே என்று நான் கூசிப்போனேன்.

நடந்தது என்ன என்பதை நான் கல்யாணமாகிப் போனபிறகுதான் அம்மா சொன்னார். கம்பிகளைப் பெட்டியின் துளை வழியாக நுழைப்பதற்காக அப்பா ஏழையும் பிடுங்கியிருக்கிறார். திரும்பச் செருகும்போது நிறங்கள் பார்க்க ஒழுங்காக இருக்கும்படி வரிசை மாற்றிவிட்டார். எட்டுக்கு ஏழு கோடும் எரிய வேண்டும். எந்தக் கம்பி எங்கே போனாலும் எட்டு எட்டாகவே இருக்கும். அதைப் பார்த்துத்தான் அவர் நிம்மதியடைந்திருந்தார். அக்கா மூடியைக் கழற்றி, பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடியபோதே அவருக்குப் புரிந்துவிட்டதாம். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

"அவ என்னைய சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லல?" என்று அம்மாவிடம் மட்டும் கேட்டிருக்கிறார்.

விடுமுறை முடிந்து அக்காவைப் பஸ் ஏற்றிவிட அப்பாவும் நானும் பிரிஞ்சாங் போனோம். அவளுடைய பையை அப்பாவே தூக்கிக்கொண்டார். வழக்கமாக அதை நான்தான் இழுத்துக்கொண்டு வருவேன். பஸ் வரும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அந்த டிப்ளோமா எப்ப ஆரம்பிக்குது?" என்று கேட்டார் அப்பா.

"ஜனவரியிலப்பா."

"சேந்துக்க. அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா, "பஸ்ஸு வந்துருச்சு," என்று பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். பஸ் இன்னும் வளைவில்கூடத் திரும்பியிருக்கவில்லை.

எனக்கோ முதலில் கோபம் பொங்கியது. ஊர் சிரிக்க வைத்தவளுக்கு என்ன பரிசு வேண்டிக் கிடக்கிறது? பஸ் போனபிறகு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, "அக்கா செஞ்சதுதான் ஓடலையே, அப்பறம் ஏம்பா?" என்று கேட்டேன்.

"நீ பேசாம வா," என்றார்.

மலையேறும் வழியில் யோசித்து யோசித்து நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். எங்கள் பள்ளியில் கணக்குத் தெரியாதவனை மறுபடியும் அதே வகுப்பில் உட்கார வைப்பார்கள். அப்பாவும் அக்காவுக்கு அந்தத் தண்டனையைத்தான் கொடுத்திருக்கிறார், ஒழுங்காகப் படிக்காததால் திரும்பப் படித்துவா என்று அனுப்புகிறார். அது நியாயமாகவே பட்டது. மனம் ஆறி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தேன்.