பாலிஷ் போடச் சொன்னவர்

சிங்கப்பூர் ஈசூனில் காலைப் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. எங்கள் உட்லண்ட்ஸ் பட்டறையில் தரச் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற அருணாசலம் அவர்கள் காலமானார். இறந்தவரைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அவருடைய மகள் கேட்டதால் எழுதுகிறேன்.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரம் தவறாதவர். சட்டை கசங்காதவர். பளபளப்பில்லாத எதையும் கையால் தொடமாட்டார்.

பத்து ஆண்டுகளுக்கு முன் கடைசல் இயந்திரத்தில் புது முறை ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தேன். வெட்டும் கத்தியை மெல்ல அதிரவிட்டால், கடையும்போதே உலோகத்தின் மேல் பொடிப்பொடியாகக் குழிகள் விழும். அவற்றில் எண்ணெய் தங்கும். உராய்வும் தேய்மானமும் குறையும். அப்படிப் பம்புகளுக்குள் சுழலும் தண்டுகளை ஒரு பெட்டி நிறையக் கடைந்தேன். அருணாசலம் அவர்கள் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்ன செல்வம் இது, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி? கஸ்டமர் பாத்தா சிரிப்பான் லா. எல்லாத்தையும் பாலிஷ் பண்ணு.”

“சார், அந்தக் குழிதான் சார் விஷயமே.”

“சொன்னதச் செய்.”

செய்தேன். எண்ணெய் நிற்க இடமில்லாமல் சில மாதங்களிலேயே தண்டுகள் இறுகிப் பம்புகள் நின்றுபோயின. பாலிஷ் போடச் சொன்னது யார் என்று மேலாளர் கேட்டார். அருணாசலம் அவர்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, “நான் சொல்லலையே. செல்வம்தான் புதுசா ஏதோ ட்ரை பண்ணாரு” என்றார். அடுத்த வாரமே என்னை இயந்திரத்திலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். பதினைந்து வருடம் கடைந்த கை போல்ட் பெட்டி அடுக்கத் தொடங்கியது.

பாவம், குழியின் அருமை மனிதருக்குப் புரியவில்லை என்றுதான் இத்தனை நாள் மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

அஞ்சலி செலுத்தப் போனேன். அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். மகள் துணியில் சுற்றிய தண்டு ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

“பாலிஷ் போடாம இது ஒண்ண மட்டும் அப்பா எடுத்து வச்சிருந்தாங்க அங்கிள். ‘செல்வம் கடைஞ்சது தேயாது, நான்தான் கெடுத்துட்டேன்’னு சாப்பிடுறப்பல்லாம் சொல்வாங்க.”

சோற்றுத் தட்டின் முன் அத்தனை முறை சொன்னதை மேலாளர் முன் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் என்ன செய்வார்?

தண்டை இடக்கையில் பிடித்தபடியே பூப் போட்டேன். கட்டைவிரலுக்கு அந்தக் குழிகள் இன்னும் சொரசொரவென்று தட்டுப்பட்டன.

போய் வாருங்கள், அருணாசலம் சார். நான் இன்னும் ஸ்டோரில்தான் இருக்கிறேன்.