கைலித் திரைக்கு அந்தப் பக்கம்

"யோவ், அந்தப் பக்கம் திரும்பி நில்லுய்யா!" என்று தோல் ஏற்றி வந்த லாரிக்காரரை அதட்டிக்கொண்டே ஜோதி நீலக் கட்டம் போட்ட கைலியை உதறி விரிக்கிறாள். மூட்டாத குடியாத்தம் கைலி. இரண்டு கைகளையும் அகட்டி அதைப் பிடித்தால், சுவருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பெண் நிற்க இடம் கிடைக்கும். நுழைந்தவள் முகத்திரையைத் தூக்குவாள். சுவரில் இருக்கும் வருகைப்பதிவு மிஷின் அவள் முகத்தைப் பார்த்து "தேங்க்யூ" என்று சொல்லும். திரையை இறக்கிக்கொண்டு அவள் போவாள், அடுத்தவள் வருவாள்.

ஆம்பூரை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில், பெண்கள் கேட்டுக்கு ஜோதிதான் செக்யூரிட்டி. புடவைக்கு மேலே காக்கிச் சட்டை, காலில் கம்பெனி கழித்துப் போட்ட ஜோடி சேராத ஷூ. சாப்பாட்டுப் பையைத் திறக்காமலே உள்ளே இருப்பது கருவாடா கத்தரிக்காயா என்று சொல்லிவிடுவாள். மிஷினுக்கு மாமியார் என்று பேர் வைத்ததும் அவள்தான். அது யாரையாவது அடையாளம் தெரியாமல் திருப்பி அனுப்பினால், "இன்னா பண்ணாலும் இவளுக்குப் புடிக்காதும்மா. மூஞ்சக் கழுவிக்கினு வா" என்பாள். வரிசையே சிரிக்கும்.

அந்த மிஷினைச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ! முகம் என்றால் எல்லாரும் எங்கேயும் காட்டுகிற சமாச்சாரம் என்று நினைத்துவிட்டான். கொண்டுவந்து மாட்டியவனோ தன் உயரத்துக்கு மாட்டிவிட்டுப் போனான். குள்ளமான பெண்கள் ஏறி நிற்க ஜோதிதான் ஒரு பலகையைத் தேடிப்பிடித்துப் போட்டாள். முதல் நாள் காலையில் முகத்திரை போட்ட பெண்கள் தயங்கி நிற்க, வரிசை ரோடு வரைக்கும் போய்விட்டது. பின்னால் லாரிக்காரர்கள், வாட்ச்மேன்கள், டீ கொண்டுவருகிறவர். அன்றைக்குத்தான் தம்பிக்கென்று வாங்கி வைத்திருந்த கைலியைப் பையிலிருந்து உருவினாள். யாரும் சொல்லவில்லை, எந்த உத்தரவும் வரவில்லை. மறுநாளிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

முதலில் அந்தக் கைலிக்குள் வந்தவள் அன்வரி பேகம். கைத்தையல் ஹாலில் வேலை. அங்கே தைப்பவர்கள் எல்லாரும் பெண்கள், சூப்பர்வைசரும் பெண். வெளி ஆண்களுக்கு முகம் காட்டுவதில்லை என்பது அவளே தனக்கு வைத்துக்கொண்ட கட்டு. "யாரும் சொல்லி இல்ல ஜோதி, அது என் மனசு" என்பாள். அந்த ஹால் இருக்கிறது என்பதால்தான் வேலைக்கே வந்தவள். மிஷினைப் பார்த்ததும் திரும்பிப் போகக் கிளம்பியவளைக் கையைப் பிடித்து நிறுத்தி, "நான் இருக்கேன் இல்ல? ஒரு ஈ காக்கா பாக்காது, நீ வா" என்று சொன்னவள் ஜோதி. அந்தச் சொல்லை நம்பித்தான் அன்வரி தினமும் திரையைத் தூக்கினாள்.

போன வாரம் அன்வரியின் வருகை ஏதோ கோளாறில் பதிவாகவில்லை. கேட்பதற்காக, வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசுக்குப் போனாள். உள்ளே சுவரில் ஒரு பெரிய டிவி. கேட்டில் மிஷின் பிடிக்கிற முகமெல்லாம் அதில் பேரோடும் நம்பரோடும் வரிசையாக வந்துகொண்டிருந்தது. அன்வரியின் முகமும் இருந்தது, ஒரு தாம்பாளம் அளவுக்கு. கீழே ஆண்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது, அத்தனை நாளாகப் பார்த்துப் பார்த்து அவர்களுக்குப் பழகிப்போன முகம். வந்த காரியத்தைக் கேட்காமலே வெளியே வந்தாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

விஷயம் ஜோதி காதுக்கு வந்தது. ஷிப்ட் முடிந்து நேரே அன்வரி வீட்டுக்குப் போனாள். அன்வரி டீ போட்டுக் கொடுத்தாள். திட்டவில்லை.

"நீ துணி புடிச்ச, அது உண்மை. உன்மேல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா இனிமே அங்க வந்து நிக்க என்னால ஆவாது ஜோதி."

"எனக்கு சத்தியமா தெரியாது அன்வரி. எதிர்ல வர்றவன்தான் பாப்பான்னு நெனச்சேன். அதுக்குப் பின்னாடி ஒரு ரூமே ஒக்காந்துக்கினு பாக்குதுன்னு நான் இன்னாத்த கண்டேன்?" சொல்லும்போதே ஜோதிக்கு அழுகை வந்துவிட்டது. டீ ஆறிப்போனது.

மறுநாள் ஜோதி டைம் ஆபீசில் போய்க் கேட்டாள். அங்கே வேலை பார்க்கும் நவநீதன் கெட்ட பையன் இல்லை. "ஷூ வாங்குற வெளிநாட்டு பார்ட்டி வந்தா காட்டணும்கா, அதுக்குத்தான் டிவி. யாரும் தப்பா பாக்கலக்கா."

"பொம்பளைங்க மூஞ்சிய ஆம்பளைங்க ரூம்ல மாட்டலாமான்னு ஒருத்தரும் யோசிக்கலயா தம்பி?"

"அது... யோசிக்கலக்கா. மேல பேசிட்டு சொல்றேன்."

மேலே பேசி ஒன்றும் நடக்கவில்லை. டிவி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அன்வரியின் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கப்போவதாகப் பேச்சு வந்தது.

இன்று காலை பேரணாம்பட்டு பஸ் வந்து நின்றது. பெண்கள் இறங்கி வரிசை கட்டினார்கள். முன்னால் நின்றவள், "அக்கா, கைலி?" என்றாள். ஜோதி பையைத் தொடவே இல்லை. டைம் ஆபீஸ் டிவியைப் பற்றி வரிசை முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். பிறகு பலகைமேல் ஏறி, மிஷினின் கேமராவை உள்ளங்கையால் பொத்தினாள்.

முகம் தெரியவில்லை, மறுபடி முயலவும் என்று மிஷின் இங்கிலீஷில் திரும்பத் திரும்பச் சொல்லிற்று. வரிசை நீண்டது. ஒரு பெண்ணும் முணுமுணுக்கவில்லை. நவநீதன் ஓடிவந்தான்.

"அக்கா, கைய எடுங்க. மேனேஜர் பாத்தா ஒங்க வேலையே போய்டும்."

"போவட்டும். அந்த டிவியக் கழட்டு. கழட்டிட்டு நீயே அன்வரிக்குப் போன் போட்டு சொல்லு. நான் சொன்னா இனிமே அவ நம்ப மாட்டா."

கேட்டுக்கு வெளியே மேனேஜர் கார் ஹாரன் அடித்தது. ஜோதி திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு கையையும் எடுத்து அந்தக் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.