‘வூடு’ என்று பாடியவன்

என் தம்பி சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினான். நான் அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். அப்பா இறந்தபோது அவன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். பரீட்சை எழுதிய கையோடு ஒரு லாரியில் கிளீனராகப் போய்ச் சேர்ந்தான். அவன் சம்பாத்தியத்தில்தான் நான் காலேஜ் முடித்தேன். ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. எனக்கு டீச்சர் வேலை கிடைத்த அன்று லாரிக்காரர்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

2004 என்று நினைக்கிறேன். சிமென்ட் ஆலைக் குடியிருப்பில் ஒரு இன்ஜினியர் ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்தார். சாமான் ஏற்றிவிடத் தம்பியும் போயிருந்தான். அவர் மகன் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தான். அவன் விட்டுப்போன சிடிக்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று இன்ஜினியர் வீட்டு அம்மா கொடுத்துவிட்டார்களாம். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். ஒன்றை மட்டும் விடாமல் போட்டுக் கேட்டான். அட்டையில் பெரிய கார் ஒன்றும் அதன்மேல் சாய்ந்து தங்கப்பல் தெரியச் சிரிக்கிற ஒரு கறுப்பு இளைஞனும். உள்ளே இருந்த தாளைப் படித்து, இது அமெரிக்காவில் தெற்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருடைய முதல் ராப் ஆல்பம் என்று நான்தான் சொன்னேன்.

என்ன சொல்கிறார் என்று எழுதித் தரச் சொன்னான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தும் பாதிதான் எழுத முடிந்தது. வார்த்தைகளை இழுத்து, கடைசி எழுத்தை முழுங்கிப் பாடினார் அந்த மனிதர். புரிந்தவரைக்கும் எழுதி, பழக்கதோஷத்தில் இலக்கணப் பிழை இருந்த இடங்களில் கோடும் போட்டுவிட்டேன். தம்பி தாளைப் பார்த்து அதென்ன கோடு என்று கேட்டான். எல்லாம் தப்பு இங்கிலீஷ், என் பிள்ளைகள் இப்படி எழுதினால் மார்க் போடமாட்டேன் என்றேன்.

“அவுங்க ஊர்ல அப்பிடித்தான் பேசுவாங்களாக்கா?”

“ஆமா. தெக்கத்திக்காரங்க அப்பிடித்தான் இழுப்பாங்க போலருக்கு.”

“அப்ப தப்பு இல்லல்ல” என்றான்.



அதற்குப் பிறகு அவனும் எழுத ஆரம்பித்தான். ஆலை வாசலில் லோடு இறக்க லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். டிரைவர்கள் சீட்டாடுவார்கள், வண்டிக்கடியில் துண்டு விரித்துத் தூங்குவார்கள். இவன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வேகவேகமாக எதையோ சொல்லிக்கொண்டிருப்பான். முதலில் கேலி செய்தவர்கள் பிறகு இவன் வண்டி வந்ததும் சீட்டுக்கட்டை மடித்து வைத்துவிட்டு வந்து நிற்பார்களாம். வரிசையைப் பற்றி, பழுதான கிளட்சைப் பற்றி, பாடாலூர் டீக்கடையில் மனசைப் பறிகொடுத்த ஒரு டிரைவரைப் பற்றி, எங்கள் அம்மாவைப் பற்றி எல்லாம் பாட்டு வைத்திருந்தான். வீட்டிலும் பாடுவான். ஆலைத் தூசி படிந்து வெளுத்துக் கிடக்கும் எங்கள் ஓட்டு வீட்டைப் பற்றிய பாட்டில் எனக்கு ஒரு இடம் மட்டும் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது.

வெள்ளையடிக்க ஆளு வாணாம் வூட்டுக்கு
காத்தே வந்து அடிச்சுட்டுப் போவும் ஓட்டுக்கு

அம்மா இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எங்கள் பழைய டேப்ரிக்கார்டரில் ஒரு கேசட்டைப் போட்டு, அவன் வைத்திருந்த ஆறு பாட்டையும் பாடவைத்துப் பதிந்தேன். நடுவில் கோழி கத்தும், அம்மா யாரையோ கூப்பிடுவாள், அவன் மறந்துபோய்ச் சிரித்துவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பான்.

ஆல்பம் போடலாம் என்று சொன்னதும் நான்தான். பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. தேர்தல் விளம்பரம், திருவிழா அறிவிப்பு, மாதா கோயில் பாட்டு எல்லாம் அங்கேதான் பதிவார்கள். அதை நடத்தியவர் நல்ல மனிதர். லாரிக்காரப் பையன் என்று அலட்சியம் செய்யவில்லை. கம்ப்யூட்டரில் தாளம் அமைத்துக் கொடுத்தார். தம்பி புதுச் சட்டை போட்டிருந்தான். பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.

ஒரு பாட்டு முடிந்ததும் அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். பையனுக்குத் தாளம் ரத்தத்தில் இருக்கிறது, ஆனால் பேச்சு ரொம்பக் கொச்சையாக இருக்கிறது, கொஞ்சம் சுத்தமாகப் பாடினால் டிவிக்காரர்களிடம் கொடுத்துப் பார்க்கலாம், இப்படியே கொடுத்தால் சிரிப்பார்கள் என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் சொன்னது அப்போது எனக்கும் சரியாகவே பட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு வெட்கம் ஏற்கெனவே இருந்தது. என் பள்ளிக்கூடத்தில் யாராவது இதைக் கேட்டால் டீச்சருடைய தம்பி இப்படியா பேசுகிறான் என்று நினைப்பார்களே என்ற வெட்கம்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். ஒரு தாளில் வார்த்தைகளை வரிசையாகத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“வூட்டுக்குன்னு சொன்னாத்தானேக்கா ஓட்டுக்குன்னு வந்து ஒக்காருது?”

“வீடுன்னே சொல்லுடா. நாலு பேரு கேக்கணும்ல.”

“சரி” என்றான். “ஒனக்குத் தெரியும்.”

இத்தனை வருஷத்தில் என்னை அதிகமாக அறுத்த வார்த்தைகள் அந்த இரண்டும்தான். அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. படித்த அக்காவுக்குத் தெரியும் என்று முழு மனசோடு நம்பித்தான் சொன்னான்.

திருத்திய வார்த்தைகளை ஒவ்வொன்றாக யோசித்துப் பாடினான். யோசித்ததில் தாளம் பிந்தியது. மறுபடியும் மறுபடியும் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் ஆறு பாட்டும் முடிந்தன. அவன் ஆல்பத்துக்கு வைத்திருந்த பெயர் ‘லைன்ல நிக்கிறேன்’. அட்டை அச்சடிக்கப் போனபோது அதையும் நான் ‘வரிசையில் நிற்கிறேன்’ என்று மாற்றிக் கொடுத்தேன்.

சிடிக்களை அரியலூர் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் வைத்தான். கேபிள் டிவிக்காரர் ஒருவரிடம் கொடுத்தான். முதல் சிடியை ஆலை வாசல் வரிசையில் நின்ற டிரைவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான். எல்லாரும் சுற்றி நின்று கேட்டார்களாம். பாட்டு முடிந்ததும் ஒரு பெரியவர், யாரப்பா இது, செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கே என்றாராம். நீதான் பாடினாயா என்று இன்னொருவர் உண்மையாகவே சந்தேகப்பட்டுக் கேட்டாராம். இதை வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

நான் பிறகு ஒருநாள் அவனிடம், உன் மாதிரியே பாட விட்டிருக்கலாம், என் தப்பு என்று சொன்னேன். அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்றான். எனக்காகச் சொன்னானா, நிஜமாகவே நினைத்தானா தெரியவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டதாக யாரும் சொல்லவில்லை. வீட்டிலும் பாடவில்லை.

அடுத்த வருஷம் பள்ளியில் பிள்ளைகளின் இங்கிலீஷ் உச்சரிப்பைப் பதிவு செய்யச் சொன்னார்கள். வீட்டில் தேடியபோது அந்தப் பழைய கேசட் கைக்குக் கிடைத்தது. இதில் இருப்பது வேண்டுமா என்று தம்பியிடமே கேட்டேன்.

“வாணாங்க்கா. அதான் சிடி வந்துடுச்சே” என்றான்.

அதன்மேல் இரண்டு பக்கமும் பிள்ளைகளைப் பேசவைத்துப் பதிந்தேன்.

2006 மழைக்காலத்தில் அவனுக்குக் காமாலை வந்தது. பசி இல்லை, அசதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே லாரியில் போய்க்கொண்டிருந்திருக்கிறான். கண் மஞ்சளானதை அம்மாதான் முதலில் கவனித்தாள். திருச்சிக்குக் கொண்டுபோனோம். அதற்குள் முற்றியிருந்தது. டாக்டர்கள் பாடுபட்டார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் காலையில் நான் இட்லி வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தபோது அம்மா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கு இருபத்துநாலு வயசு.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். நான் அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டேன். எங்கேயாவது ஒரு ஓரத்தில், பிள்ளைகள் மூச்சு விடுகிற இடைவெளியில், கடைசியில் நாடா முடிகிற இடத்தில் அவன் மிச்சமிருப்பான் என்று ஒரு நப்பாசை. இரண்டு பக்கத்தையும் முழுக்கக் கேட்டேன். முப்பது பிள்ளைகள் மாறிமாறித் தங்கள் பெயரையும் வகுப்பையும் சொல்லி, பாடத்தில் ஒவ்வொரு பக்கம் தெளிவான இங்கிலீஷில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள். நன்றாகத்தான் வாசித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை ஆலை வாசலுக்குப் போனேன். டிரைவர்கள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். பாட்டு யாருக்காவது நினைவிருக்கிறதா, எழுதிக்கொள்ள வந்தேன் என்றேன். பாடாலூர் டீக்கடைப் பாட்டை இரண்டு பேர் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அவர்களுக்குள் சின்ன வாக்குவாதமே வந்துவிட்டது. ஒருவர் நான்கு வரி பாடினார். ஐந்தாவது வரியில் நின்றுவிட்டு, “அவந்தாம்மா பாடணும் அத” என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொண்டுபோன நோட்டில் ஒரு பக்கம்கூட நிறையவில்லை.

இதையெல்லாம் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளாகவே ஒருநாள் மத்தியானம் என்னிடம் வந்து, தம்பி பாடியது ஏதோ சிடி இருக்கிறதே, அதைப் போடு, அவன் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது என்றாள். போட்டேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, ஆறு பாட்டையும் கேட்டாள். வெள்ளையடிக்கிற பாட்டு வந்தபோது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரி வந்தது, போனது; அவள் சிரிக்கவில்லை.

“நல்லாத்தான் பாடியிருக்கான்” என்றாள். “ஆனா எம் புள்ள கொரலு மாரி இல்லியேடி.”

மைக்கில் பாடினால் குரல் அப்படித்தான் மாறும் என்று சொன்னேன். அம்மா நம்பினாள்.