பெயர் மேல் ஒட்டிய பட்டை

போன வாரம் அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் பேருந்து நின்றபோது, என் ஜன்னலுக்கு நேராக ஒரு ஃப்ளெக்ஸ். இப்போதெல்லாம் இவை ஊரெங்கும் முளைக்கின்றன. மஞ்சள் நீராட்டு விழா. பட்டுப்பாவாடையில் ஒரு சிறுமி, பேருந்தைவிட உயரமாக. அவள் பெயர் மட்டுமே ஓர் ஆள் நீளம். ஒரு பெண் பெரியவளானதை நெடுஞ்சாலைக்கே அறிவிக்கலாம், யாருக்கும் கூச்சமில்லை. எனக்குத்தான் உடம்பு சூடானது. மூக்கில் புளித்த மைதாப் பசையின் வாடை ஏறியது.

அந்தப் பசை கடையில் கிடைப்பதல்ல. எங்கள் பாலிடெக்னிக் கேன்டீன் அடுப்பில் மைதாவைக் காய்ச்சி, போஸ்டரை மாடு தின்னாமல் இருக்க மயில்துத்தம் கலப்போம். காய்ச்சுபவன் மெக்கானிக்கல் ஏழுமலை. நான் எலெக்ட்ரானிக்ஸ்; நாடகக் குழுவின் விளம்பரம் என் பொறுப்பு. வரிசை போடாமல் எனக்கு எதையும் யோசிக்க வராது. யார் பார்க்க வேண்டும், எங்கே நிற்பார்கள், எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று எழுதிவிட்டுத்தான் யாரையும் பசை வாளியைத் தொட விடுவேன். ஏழுமலை என்னை டைம்டேபிள் என்றுதான் கூப்பிடுவான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாடகத்தின் பெயர் ‘ராத்திரி ஷிப்டு’. அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலைகளில் தகடு வெட்டும் மெஷின்களில் வேலை செய்யும் பெண்களின் கதை. எழுதி நடித்தவள் என் தோழி சுமதி. அவள் அம்மா செய்ததும் அதே வேலைதான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தில் அவர் அடையாளம் காண்பது இரண்டே பெயர்கள்: கையெழுத்துப் போடத் தன் பெயர், ஆசைக்கு மகளின் பெயர். அதனால் நெமிலிச்சேரி ரயில் நிலைய நடைமேடையில், லேடீஸ் பெட்டி வந்து நிற்கும் இடத்துக்கு நேரான சுவரைத் தேர்ந்தெடுத்தேன். தினமும் அவர் அங்கேதான் வண்டி ஏறுவார்.

“அம்மாகிட்ட சொல்ல வேணாம்டி. அதுவே பாக்கட்டும்” என்றாள் சுமதி.

அச்சாகி வந்த போஸ்டரைத் தாளாளர் பார்த்தார்.

“பொம்பளப் புள்ளைங்க பேரு செவுத்துல எதுக்கும்மா?”

“பசங்க பேரும் இருக்கே சார்.”

“பசங்க பேரு இருந்தா என்ன ஆவப்போவுது? நாளைக்கு உங்களுக்கு ஒரு எடம் வரும்போது இது வந்து நிக்கும். உங்க அப்பா மாதிரி சொல்றேன்.”

என் அப்பா அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.

பெண்களின் பெயர்களை மறைத்தால்தான் அரங்கம் கிடைக்கும் என்றார். அலுவலகத்திலிருந்து நீலத்தாள் வந்தது. பட்டை பட்டையாக வெட்டினோம். சுமதியின் பெயர் மேல் சுமதியே ஒட்டினாள்.

அந்தக் காலத்துப் பட்டையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ‘அந்த மாதிரி’ படங்களின் போஸ்டரில், போலீசுக்குப் பயந்து, நடிகையின் உடம்பில் அங்கங்கே நீலத்தாளை ஒட்டி மறைப்பார்கள். ஆவடியிலிருந்து வேப்பம்பட்டு வரை எந்த ஆணுக்கும் பட்டையைப் பார்த்தாலே படம் புரிந்துவிடும். எங்கள் போஸ்டரில் மேலே ‘ராத்திரி ஷிப்டு’, கீழே நீலப்பட்டை. என்னுடைய வரிசைகள் எதிலும் இது வரவில்லை.

நெமிலிச்சேரியில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து நின்றார்.

“இன்னா நைனா, எந்தக் கொட்டாயில ஓடுது? மார்னிங் ஷோவும் கீதா?”

“கொட்டாயி இல்ல அண்ணாத்தே. காலேஜு நாடகம்” என்றான் ஏழுமலை.

“நாடகத்துக்கு எதுக்குடா பட்ட ஒட்டிகினு கீற? நேர்லயே காட்றாங்களா?”

ஏழுமலை வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரை நோக்கி நடந்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அரங்கம் நிறைந்தது. முன்வரிசைகளில் நாங்கள் பார்த்தேயிராத ஆண்கள். டிபன் பாக்ஸோடு சுமதி மேடைக்கு வந்ததும் விசில் பறந்தது. “பட்டயக் கிழி மாமே” என்றது ஒரு குரல். சுவரில் மகளின் பெயரைப் பார்க்காத அம்மாவுக்குக் கடைசியில் சுமதியே விஷயத்தைச் சொல்லியிருந்தாள். கூட வேலை செய்யும் இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு, எண்ணெய் வைத்துத் தலைவாரி அவர் வாசலில் நின்றார். விசிலைக் கேட்டார். கூட வந்தவர்களின் முகத்தைப் பார்த்தார்.

“வாங்க, ஊட்டுக்குப் போலாம்.”

மேடையிலிருந்து சுமதி அதைப் பார்த்தாள். ஒரு வசனத்தைக்கூட விடாமல் நடித்து முடித்தாள்.

“இதுக்குத்தான் பேரு வேணாம்னு சொன்னேன். பாத்தியா?” என்றார் தாளாளர்.

இன்றும் பாத்திரம் தேய்க்கும்போது அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வருஷத்துக்கு வருஷம் பதில்கள் கூர்மையாகின்றன. தேய்ந்துபோவது பாத்திரம்தான்.

ஏழுமலை ஒரு வேலை செய்திருந்தான். பட்டைக்கு மட்டும் பசையை நீர்க்கக் காய்ச்சியிருந்தான். “ஒரு தூறல் போட்டா வுயுந்துடும், டைம்டேபிள்” என்று முன்பே என் காதில் சொன்னான். தூறல் நாடகத்துக்கு மறுநாள்தான் வந்தது. பட்டைகள் வழுக்கி விழுந்தன. லேடீஸ் பெட்டிக்குக் காத்திருந்த சுமதியின் அம்மா, சுவரில் மகளின் பெயரைப் பார்த்தார். தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, வண்டி வருவதற்குள் அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்தார். லேப்பில் சால்டரிங் செய்தபடி சுமதி இதை என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் நடிக்கவில்லை. அடுத்த வருஷம் குழுவே இல்லை.

இன்று மைதா காய்ச்சுவார் இல்லை, பட்டை ஒட்டுவாரும் இல்லை. அந்தச் சுவரையும் இடித்துவிட்டார்கள்.

சிக்னல் விழுவதற்குள் ஃப்ளெக்ஸை முழுக்கப் படித்தேன். அப்பா, சித்தப்பா, தாய்மாமன்கள், வட்டச் செயலாளர் என்று எல்லோர் பெயரும் இருந்தது. பெற்றவளின் பெயரைத் தேடினேன். காணோம். மறைப்பதற்கு அங்கே ஒரு பட்டைகூடத் தேவைப்படவில்லை.