காதில் கேட்ட வலி

இது நடந்தது. கேட்டவர்கள் எல்லாரும் முதலில் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்கள். பேய் வர இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், விளக்கு அணைய வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இதில் அவை எதுவும் இல்லை. பட்டப்பகல். மூன்று மாடிக் கட்டடம். இரண்டாம் மாடியில், சாப்பாட்டு மேசையின்மேல் அச்சுத்தாள்களைப் பரப்பிக்கொண்டு ஒரு நிறைமாதக் கர்ப்பிணி.

அவள் பள்ளிப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். அதாவது, புத்தகம் அச்சேறுமுன் பிழை திருத்துபவள். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விடுபட்டாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அதனால் கணவன் அவளுக்கு வைத்த பெயர் ‘புள்ளி’. அவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஊரையே ஏற்றி இறக்குகிறவன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருப்பது ஸ்கேனில் தெரிந்திருந்தது. “பயப்பட வேண்டாம். ஆனா வலி எடுத்ததும் உடனே வந்துடணும். பொறுத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அப்படியே செய்தாள். மூன்று முறை வலி என்று ஓடினாள். மூன்று முறையும் திருப்பி அனுப்பினார்கள்.

கடைசி முறை, பிரசவ வார்டின் நர்ஸ் பாடமே எடுத்துவிட்டார். “இது சூட்டு வலிம்மா. முன்வயித்துல சும்மா இறுக்கிப் பிடிக்கும். நாலு அடி நடந்தா, தண்ணி குடிச்சா அடங்கிடும். நிஜ வலி முதுகுல ஆரம்பிச்சு இடுப்பைச் சுத்தி முன்னால வரும். விட்டு விட்டு வரும். வர வர இடைவெளி குறையும். நடந்தாலும் படுத்தாலும் விடாது. அது வந்தா யாரும் உனக்குச் சொல்லித்தர வேண்டாம்.”

வீடு திரும்பிய அன்றே அவளுக்குள் ஏதோ மரத்துப் போயிற்று. வெட்கம் இல்லை, பயமும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு ஈறு இருக்குமே, அப்படி. தொட்டால் இருந்தது. ஆனால் தன்னுடையதாக இல்லை.

நான்காம் நாள் காலையில் கணவன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

“என்ன புள்ளி, இன்னிக்குப் புலி வருமா?”

“வராது. நீங்க கிளம்புங்க.”

“வந்தா ஆபீசுக்குப் போன் பண்ணு. லிஃப்ட் குழிக்குள்ள இருந்தா எனக்கு சிக்னல் கிடைக்காது. அவங்க ஆள் விட்டு மேலேருந்து கத்திச் சொல்வாங்க.”

“ஆபீஸ் நேரத்துல வரச் சொல்லிப் புலிகிட்டயும் சொல்லி வைக்கிறேன்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தாள். ஏழாம் வகுப்பு இலக்கணம், வேற்றுமைப் பாடம். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும்.

பதினொரு மணிக்கு முதல் முனகல் கேட்டது.

மேலேயிருந்து வந்தது. மூன்றாம் மாடியில் ஒரு தையல்காரி தனியாகக் குடியிருந்தாள், ஐம்பது வயதிருக்கும். காலையிலிருந்தே அவளுடைய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடகடகட… அதன் ஊடே, ‘ம்ம்ம்…’ என்று ஒரு குரல். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பல்லிடுக்கில் நின்று, மெல்லத் தணிந்தது.

பல்வலி போலும் என்று எண்ணிக்கொண்டு அவள் அடுத்த வரிக்குப் போனாள்.

மறுபடியும் கேட்டது. பிறகு மறுபடியும். தொழில் பழக்கம், கவனத்தைக் கலைக்கும் எதையும் குறித்துவைக்கும் கை அது. ஒவ்வொரு முனகலுக்கும் தாளின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டாள். முதலில் மூன்று பக்கத்துக்கு ஒரு கோடு விழுந்தது. பிறகு பக்கத்துக்கு ஒன்று. ஒரு மணிக்கெல்லாம் ஒரே பக்கத்தில் மூன்று.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

விட்டு விட்டு வரும். வர வர இடைவெளி குறையும்… இது பல்வலி இல்லை. மேல் வீட்டுத் தையல்கார அக்காவின் உறவுப்பெண் யாராவது பிரசவத்துக்கு வந்திருக்கிறாளோ? அப்படியானால் அந்த மெஷின் ஏன் நிற்கவில்லை? பக்கத்தில் ஒருத்தி வலியில் துடிக்கும்போது, யாரால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்க முடியும்?

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தாள். ஓரத்தில் போட்ட கோடுகளில் ஒன்றுகூட நேராக இல்லை. எல்லாம் நடுவில் நெளிந்திருந்தன. பத்து வருடத் தொழிலில் அவள் கை நடுங்கியதே இல்லை.

ஒன்று நாற்பதுக்கு வார்டுக்குப் போன் செய்தாள்.

“பிரசவ வார்டு.”

“சிஸ்டர், வலி விட்டு விட்டு வருது. இடைவெளி குறைஞ்சுக்கிட்டே இருக்கு. கூட்டிட்டு வரலாமா?”

“எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை?”

“அஞ்சு, ஆறு இருக்கும்.”

“முதுகுலேர்ந்து வருதா?”

“அது தெரியலை. கேக்குது, அவ்வளவுதான்.”

“வலி எப்படிம்மா கேக்கும்? வலிக்குதா, இல்லையா?”

“வலிக்குது.”

“யாருக்கு?”

‘வலிக்கிறது’ என்பது இலக்கணப்படி முழுமையான வாக்கியம். யாருக்கு என்று சொல்லாமலேயே அது முடிந்துவிடும். மேசைமேல் கிடந்த பாடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

“மேல் வீட்ல” என்றாள்.

“குரல் தெரியுது. மூணு தடவை வந்துட்டுப் போன பொண்ணுதானே நீ? இப்ப மேல் வீட்டுக்கும் சேர்த்து நீயே வலி பார்க்குறியா?” நர்ஸ் சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.

அவள் கதவைப் பூட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக. பாதிப் படியில் முனகல் மீண்டும் கேட்டது.

இம்முறை மேலேயிருந்து இல்லை.

பின்னாலிருந்து. கீழேயிருந்து.

அவள் திரும்பிப் பார்த்தாள். பூட்டிய கதவு, அதன் முன்னே மிதியடி. வேறு யாரும் இல்லை.

தையல்காரி கதவைத் திறந்தாள். உதட்டிடுக்கில் இரண்டு குண்டூசிகள். அவற்றை எடுத்துவிட்டுச் சீறினாள்.

“ஏண்டி, இந்த நிலைமையில ஏறி வரலாமா? ஒரு குரல் கொடுத்தா நானே வந்திருப்பேன்ல? காலைலேர்ந்து முனகிக்கிட்டே இருக்க. சூட்டு வலிதான்னு நானும் விட்டுட்டேன்…”

“நானா?”

“பின்ன, நானா?”

“அக்கா… எனக்கு வலியே இல்லை. உங்க வீட்ல யாருக்கோன்னுதான் வந்தேன்.”

“இங்க நான் மட்டும்தான் இருக்கேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மெஷின் ஓய்ந்திருந்தது. தெருவில் ஏதோ வண்டி போயிற்று. பிறகு அதுவும் இல்லை.

‘ம்ம்ம்ம்…’

மேலே இல்லை. கீழேயும் இல்லை. காலடியில். இவள் வீட்டுக் கூரையும் அவள் வீட்டுத் தரையும் ஒன்றாக இருக்கும் அந்தத் தளத்தில். ஒரு சாண் காங்கிரீட். அதற்குள்.

தையல்காரியின் கண்கள் தரையிலிருந்து நிமிர்ந்தன. வயிற்றில் வந்து நின்றன. கையை நீட்டி, உள்ளங்கையை அங்கே வைத்தாள்.

“கல்லு மாதிரி இருக்குடி…”

முனகல் தணிந்தது.

உள்ளங்கையின் கீழ் வயிறு இளகியது.

காத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிடம்.

‘ம்ம்ம்ம்…’

வயிறு இறுகியது.

“வலிக்குதா?”

“இல்லை.”

“கொஞ்சம்கூட?”

“இல்லைக்கா.”

தையல்காரி கீழே பார்த்தாள். வாசற்படி நனைந்திருந்தது. பனிக்குடம் உடைந்து நீர் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. இவளுக்கு அதுவும் தெரிந்திருக்கவில்லை.

“வா…” என்றாள் தையல்காரி. கையைப் பிடித்துப் படியிறக்கினாள்.

டாக்சியில் வழி முழுவதும் தையல்காரி வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. இப்போது சத்தம் எதுவும் கேட்கவில்லை.

“மறுபடியும் வருது” என்றாள் தையல்காரி.

“ம்.”

“வீட்டைப் பூட்டினியா?”

“பூட்டினேன்.”

“அப்ப, உள்ள இன்னும்…”

வார்டு வாசலில் நர்ஸ் இடுப்பில் கைவைத்து நின்றார். “வாம்மா, நாலாவது தடவை!” மேசையில் படுக்கவைத்துப் பார்த்தார். அதன்பின் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “தலை தெரியுது! இவ்வளவு நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டா இருந்த?”

“கடிக்கலை, சிஸ்டர்.”

இரண்டு ஐம்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொடி கழுத்தில் இரண்டு சுற்று. டாக்டர் அதை விடுவித்துவிட்டு, “இன்னும் கால் மணி போயிருந்தா…” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். மூச்சு சீராக இருந்தது. நிறம் நன்றாக இருந்தது. ஆனால் குழந்தை அழவில்லை. உள்ளங்காலைச் சுண்டினார்கள். வாய் திறந்தது, கண்கள் இறுகின, முகம் சிவந்தது, மோவாய் நடுங்கியது. அழுகைக்கு வேண்டிய அனைத்தும் இருந்தன.

சத்தம் மட்டும் இல்லை.

கணவன் கையில் கிரீஸோடு ஓடி வந்தான். அன்று அவன் புலியைப் பற்றிப் பேசவில்லை.

தொண்டையில் குறை இல்லை என்றார்கள். காதிலும் இல்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இது அழாமலேயே குடித்தது, தூங்கியது, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தது. “கொடுத்து வச்சவ நீ” என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். அவள் தலையாட்டினாள்.

ஒன்றரை மாதத்தில் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. கணவனும் உடன் வந்தான். தொடையில் ஊசி இறங்கியது. குழந்தையின் வாய் திறந்தது, முகம் கசங்கியது, சத்தம் இல்லை. மற்ற தாய்மார்கள் தத்தம் பிள்ளைகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் தட்டவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறிது நேரத்தில் குழந்தை தானாகவே தெளிந்தது. யாரோ கூப்பிட்டதுபோல் ஒருபக்கம் தலையைத் திருப்பிற்று; சிரித்தது.

வீடு திரும்பியபோது தையல்காரி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். தன் வீட்டுக்குள் போகாமல்.

“எங்கடி போயிருந்தீங்க?”

“ஊசி போட, அக்கா.”

“பத்தரை மணி இருக்குமா?”

“இருக்கும். ஏன்?”

தையல்காரி குழந்தையைப் பார்த்தாள். “ஊசி குத்தினதும் அழுதாளா?”

“எப்பவும் போலதான். சத்தமே இல்லை.”

“இங்க அழுதா.”

கணவன் சாவியைப் பூட்டில் வைத்தபடியே நின்றான்.

“என் காலடியில… வீல்னு. ஓடி வந்து உங்க கதவைத் தட்டினேன். பூட்டு தொங்குச்சு. உள்ள அழுதுகிட்டே இருந்தா.”

“அப்புறம்?” என்றான் கணவன்.

“நின்னுடுச்சு. ஆனா, தானா நிக்கலை, தம்பி. யாரோ தூக்கித் தட்டிக் கொடுத்தாங்க. ‘ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல, முடிஞ்சுடுச்சு’ன்னு… கதவுக்கு அந்தப் பக்கம் நடந்துகிட்டே…”

“யாரு?”

தையல்காரி திரும்பினாள். அவன் மனைவியைத்தான் பார்த்தாள்.

“உன் குரல்டி.”