பாதி சவரத்தில் வைத்த கத்தி

இதயத்தில் அப்லேஷன் சிகிச்சை முடிந்து பதினெட்டாவது நாள், ஒரு வெள்ளிக்கிழமை காலை, காதர் பாயின் வலது கன்னத்தை முடித்துவிட்டு இடது கன்னத்துக்கு வந்தபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். மலேசியாவில், குளுவாங்கில் முப்பத்தொரு வருஷமாக முடி வெட்டுகிறேன். வேலையைப் பாதி முகத்தில் நிறுத்தியது அன்று ஒரு நாள்தான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். நின்றுகொண்டே வேலை பார்க்கிற எவரும் படிக்கலாம். முதலில் இருந்து சொல்கிறேன்.

1. அதிர்வு

ஸ்குரு கழன்ற கிளிப்பர் கையில் எப்படித் தடதடக்கும்? என் நெஞ்சு ஒரு நாள் அப்படித் தடதடக்க ஆரம்பித்தது. கோப்பி அதிகமாகிவிட்டது என்று நினைத்துக் கோப்பியை நிறுத்தினேன். தடதடப்பு நிற்கவில்லை. ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கும்போது கண் இருட்டி, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். செல்வம்தான் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மன்னார்குடிக்காரர், என் வயதுக்காரர். கடையில் இரண்டாவது நாற்காலி பதினான்கு வருஷமாக அவருடையது.

இதயத்துக்குள் கரண்ட் வரக் கூடாத இடத்திலிருந்து வருகிறது என்றார்கள். மாத்திரையில் அடங்கவில்லை. ஜொகூர் பாருவில் ஒரு ஸ்பெஷலிஸ்ட், தொடை ரத்த நாளம் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை விட்டு, தப்பாகக் கரண்ட் வரும் இடங்களைச் சுட்டு அடைத்தார். அதற்குப் பெயர்தான் அப்லேஷன். அன்று முழுக்கக் காலை அசைக்காமல் மல்லாந்து கிடந்தேன். நெஞ்சு ஒழுங்காக அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்குக் கிளம்பும்போது நர்ஸ் ஒருத்தர், நாங்கள் மிஸ்ஸி என்போம், நிதானமாகச் சொன்னார்.

"அங்கிள், கொஞ்ச நாளைக்குக் களைப்பா இருக்கும். சில பேருக்கு ரெண்டு மூணு மாசம்கூட ஆவும். நடுவுல படபடப்பு திரும்பி வரலாம், அதுக்காக வேலை கெட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க. ஆனா நிக்காம அடிச்சாலோ, மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தாலோ உடனே வந்துடணும். ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீங்க. கத்தியால ஷேவ் பண்ண வேணாம், மெஷின் போடுங்க."

"நானே பார்பர், மிஸ்ஸி."

"பார்பருக்கு வெட்டுனா ரத்தம் வராதா?"

எல்லாரும் சிரித்தோம். நான் மனதில் வாங்கிக்கொண்டது ஒன்றைத்தான்: வேலை நல்லபடியாக முடிந்தது. மற்றதெல்லாம் காதோடு போய்விட்டது.

2. மெஷின்

அந்தக் களைப்பை எப்படிச் சொல்வது? தூக்கம் வருகிற களைப்பு இல்லை. குளித்துவிட்டு வந்தால் உட்கார வேண்டும். சட்டை போட்டால் உட்கார வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்காராமல் வெட்டியவன் நான். இப்போது சோற்றுத் தட்டைக் கழுவக் கொண்டுபோவதற்குள் நடுவழியில் சுவரைப் பிடித்தேன்.

ஐந்தாம் நாள் கண்ணாடி முன்னால் நின்று ஷேவ் பண்ணப் பார்த்தேன். கை முகத்துக்கு ஏறியது, ஆனால் நிற்கவில்லை. ஆயுசு முழுக்கத் தோள் உயரத்துக்குத் தூக்கியே வேலை பார்த்த கை அது. இரண்டு தடவை இறக்கி இறக்கித் தூக்கினேன். விஜயா கதவருகே நின்று பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

விஜயா என் மனைவி. எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் லென்ஸ் வழியாகப் போர்டுகளைச் சோதிக்கிற வேலை. எனக்காக லீவு போட்டிருந்தாள். ஒரு நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தாள். ஷேவ் மெஷினை எடுத்தாள்.

"ஏங்க, மேல இருந்து கீழயா, கீழ இருந்து மேலயா?"

"மெஷினுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"தொழில் ரகசியம் சொல்ல மாட்டீங்களா?"

போர்டைச் சோதிக்கிற கண்ணால் என் தாடையைச் சோதித்தாள். இடது கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எத்தனை ஆயிரம் பேர் என் கைக்குக் கீழே இப்படிக் கண்ணை மூடியிருக்கிறார்கள்! அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. காதுக்குக் கீழே கொஞ்சம் விட்டுவிட்டாள். நான் சொல்லவில்லை.

3. வெள்ளிக்கிழமை

செல்வத்தின் மகளுக்கு ஊரில் கல்யாணம். டிக்கெட் முன்பே எடுத்தாகிவிட்டது. "நான் போவல மணி. நீங்க இப்படிக் கிடக்கும்போது எப்படிப் போறது?" என்றார். மகள் கல்யாணத்துக்குப் போகாத அப்பனா? நான்தான் அடம்பிடித்து அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு கடையை மூடி வைக்க எனக்கு மனசில்லை.

"டாக்டர் கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள் விஜயா.

"எனக்கு ஓகே லா. சும்மா நாலு தலைதானே."

நாலு தலை பதினொன்றாயிற்று. புதன், வியாழன் இரண்டு நாளும் சாயங்காலம் காரில் ஏறியதும் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். விஜயாவிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காதர் பாய் வந்தார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தொழுகைக்கு முன்னால் என்னிடம் கன்னத்தைச் சவரம் செய்து, தாடியை ஒழுங்குபடுத்திக்கொண்டு போவது பல வருஷத்து வழக்கம். வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் போனேன். கை ஈயமாகக் கனத்தது. முதுகு வேர்த்தது. நெஞ்சு ஒரு அடி விட்டு அடித்தது, பிறகு இன்னொன்று. கத்தி அவர் கழுத்துக்கு விரல் அகலத்தில் இருந்தது.

கத்தியை மடக்கி மேசையில் வைத்தேன்.

"என்னா தம்பி, கை நின்னு போச்சு?"

"பாய், முடியல."

முகத்தில் நுரையோடு எழுந்து, என்னைத் தோளில் பிடித்து அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தார். தன் கடைக்குக் குரல் கொடுத்துச் சூடாக ஒரு மைலோ வரவழைத்தார். விஜயாவுக்குப் போன் போட்டார். பிறகு செல்வத்தின் நாற்காலியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஒரு கன்னத்தில் நுரை காய்ந்து வெடிக்க ஆரம்பித்தது. சில நிமிஷத்தில் நெஞ்சு அடங்கியது. எனக்கு வெட்கம் தாங்கவில்லை.

"பாய், தொழுகைக்கு நேரமாச்சே. பாதி முகத்தோட..."

"அல்லா என் கன்னத்தையா பாக்கப் போறாரு? நீ குடி."

விஜயா வரும் வரை இருந்தார். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு பக்கம் வழவழவென்றும் ஒரு பக்கம் முள்ளுமாகப் பள்ளிவாசலுக்குப் போனார். கேட்டவர்களிடமெல்லாம், "மணிக்கு ரெஸ்ட் வேணும், யாரும் போய்த் தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்லியிருக்கிறார்.

காரில் விஜயா திட்டுவாள் என்று காத்திருந்தேன். சிக்னலில் நின்றபோதுதான் பேசினாள்.

"உங்க நெஞ்சுக்கு நான் பயப்படல. உங்க வாய்க்குத்தான் பயந்தேன். எது கேட்டாலும் ஓகே லா."

"இன்னிக்குச் சொல்லிட்டேனே, முடியலன்னு."

"காதர் பாய்கிட்ட சொன்னீங்க. என்கிட்ட இன்னும் சொல்லல."

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் வண்டியை எடுக்கவில்லை.

"விஜி, எனக்கு முடியல," என்றேன். "ரொம்பக் களைப்பா இருக்கு. பயமாவும் இருக்கு."

ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் சரியாகத்தான் இருந்தது. "உள்ள புண்ணு ஆறிக்கிட்டு இருக்கு. நீங்க ஆற விட மாட்டேங்கிறீங்க," என்றார் டாக்டர்.

4. மூன்று தலை

செல்வம் திரும்பும் வரை கடையை மூடினோம். ஷட்டரில் காதர் பாய் தன் கையாலேயே எழுதி ஒட்டினார்: "மணியம் ஓய்வில் இருக்கிறார். முடி வளர்ந்தால் வளரட்டும்."

நான் நடக்க ஆரம்பித்தேன். முதலில் வீட்டு வாசலில் இருந்து தெருமுனை. ஒரு வாரம் கழித்து மார்க்கெட். சில நாள் நேற்றைவிடக் குறைவாகத்தான் முடிந்தது. அன்றைக்கு அவ்வளவுதான் என்று திரும்பிவிடக் கற்றுக்கொண்டேன். இரண்டு மாதம் தாண்டி டாக்டர் சரி என்ற பிறகு கடைக்குப் போனேன். முதல் வாரம் ஒரு நாளைக்கு மூன்று தலை. எண்ணிக்கையைச் செல்வம் வைத்துக்கொண்டார். நாலாவது ஆள் என் பக்கம் வந்தால், "இந்தப் பக்கம் வாங்க சார்" என்று இழுத்துக்கொள்வார்.

பிறகு சவரக்கத்தி எடுத்தேன். முழு முகம் முடித்தேன்.

தொழிலில் நான் கற்றுக்கொண்டது இதுதான். கை தயங்கினால் கத்தியை வைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்று பயப்படாதீர்கள். முடியவில்லை என்பதை வாய்விட்டு, வீட்டில் இருப்பவரிடம் முதலில் சொல்லுங்கள்.

போன மாதம் மெர்சிங்கில் இருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் துணியைக் கட்டும்போதே பெருமூச்சு விட்டார்.

"அப்லேஷன் பண்ணி மூணு வாரம் ஆவுது, அண்ணே. நல்லா முடிஞ்சிருச்சுன்னாங்க. ஆனா மாடிப்படி ஏற முடியல. சரியா பண்ணலையோன்னு வீட்டுல சொல்லாம பயந்துகிட்டு இருக்கேன்."

கிளிப்பரை அணைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு நடந்ததைச் சொன்னேன். பரிசோதனைத் தேதியை விடாதீர்கள், பயத்தை டாக்டரிடமும் வீட்டிலும் சொல்லுங்கள் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு முடி வெட்ட ஆரம்பித்தேன். பாதியில் அவர் தலை மெல்லச் சாய்ந்தது. அசந்து தூங்கிவிட்டார்.

வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். செல்வம் அவர்களைத் தன் பக்கம் கூப்பிட்டுக்கொண்டார். நான் ரேடியோவைக் குறைத்தேன். டிரைவர் தானாக விழிக்கும் வரை எழுப்பவில்லை.