குன்னூரிலிருந்து வந்த ஓக் கொட்டைகள்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிர்ச்சட்டிக்கும் மாவுப் பாத்திரத்துக்கும் நடுவே ஓர் ஈரத்துணி மூட்டை குடியேறியதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. தொண்ணூறுகளின் நடுவில், என் அண்ணனைக் கட்டிக்கொண்டு குன்னூரிலிருந்து சிங்காநல்லூருக்கு வந்த அண்ணியின் மூட்டை அது. உள்ளே ஓக் மரத்துக் கொட்டைகள். தொப்பி போட்ட குழந்தைகள் மாதிரி அத்தனை லட்சணம். பிறந்த வீட்டு வாசலில் நின்ற மரத்தின் கன்றை இங்கே வளர்த்தே தீருவதென்று வந்திருந்தார் அண்ணி. கொஞ்ச நாள் குளிரில் கிடந்தால்தான் முளைக்குமாம். மாவெடுக்கும்போதெல்லாம் அம்மா அந்த மூட்டையை ஒரு முறை முறைப்பாள்.

மார்கழி பிறந்ததும் கொட்டைகளை ஒரு பெரிய தொட்டியில் ஊன்றி, கூடத்து ஜன்னலோரம் வைத்தார் அண்ணி. வீட்டுக்குள் விதை முளைப்பது என்றால் அம்மாவுக்குத் தெரிந்தது மாரியம்மன் நோன்புக்கு வைக்கும் முளைப்பாரிதான். அது இரண்டு மூன்று நாளில் எட்டிப் பார்த்துவிடும். இதுவோ வாரக்கணக்கில் வாயே திறக்கவில்லை.

"ஏங்கண்ணு, இன்னும் ஒண்ணையும் காணமே?"

"வருமுங்க அத்தை. அது மொதல்ல வேரத்தான் உடுமுங்க."

தை வந்தது. கொட்டைகள் அசையவில்லை. அண்ணி தொட்டிப் பக்கம் போவதையே விட்டுவிட்டார், பேச்சும் குறைந்தது. ஒருநாள் மத்தியானம் சமையலறையில் அழுதுகொண்டே அண்ணனிடம் சொன்னது அம்மா காதிலும் என் காதிலும் விழுந்தது: "அதுக்கும் இந்த ஊரு ஒத்துக்கலீங்க, எனக்கும் ஒத்துக்கலீங்க."

அம்மா அன்றைக்கே காரியத்தில் இறங்கிவிட்டாள். அந்த வார முடிவில், "அம்மணீ, ஓடியா! உன்ற மரம் வந்துருச்சு!" என்று தெருவுக்கே கேட்கக் கூவினாள். சூடம் கொளுத்தாத குறைதான். அண்ணி ஓடிவந்து குனிந்து பார்த்தார்.

"அத்தை... இது அவரைங்க!"

"அவரையா? உங்க மலையில ஓக்கு இப்படி இருக்காதா?" என்ற அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவரையைத் தெரியாதவள் கொங்கு நாட்டில் உண்டா? அதுவும் தன் கையாலேயே ஊன்றியவள்! அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வர இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவரையைப் பிடுங்க அண்ணிக்கு மனம் வரவில்லை. அது ஜன்னல் கம்பியில் ஏறிப் பூத்தது. அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றப் போனவர்தான் ஒரு காலையில் கொடிக்கடியில் சிவந்த குருத்தொன்றைக் கண்டார். இந்த முறை அசல் ஓக். வீடே தலைகீழானது, அண்ணன் தெருமுனைக்கு ஓடி ஜிலேபி வாங்கிவந்தான்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியபோது அண்ணியின் அப்பா வந்தார். இந்தச் சூடு மகளுக்குத் தாங்காது, இரண்டு மாதம் குன்னூரில் இருக்கட்டும், ஓக் கன்றையும் தொட்டியோடு எடுத்துக்கொள்ளலாம் என்றார். அம்மா உள்ளே போய் முறுக்குக் கட்டத் தொடங்கினாள். கட்டிய பொட்டலத்தையே அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

அண்ணி ஜன்னலோரமே நின்றார்.

"கன்ன வேணா நீங்க எடுத்துட்டுப் போங்கப்பா, அங்க நல்லா வளரும். நான் இப்ப எங்க வாரது? அவரை காய்க்கிற சமயமுங்க."